தள்ளுவதற்கு லேசான வண்டி

வண்டி வாங்கப் போகிறவன் என்ன கேட்பான்? மைலேஜ் எவ்வளவு என்பான், மேட்டில் இழுக்குமா என்பான், இளவயசாக இருந்தால் எவ்வளவு வேகம் போகும் என்பான். கள்ளக்குறிச்சியில் பழைய வண்டி விற்கிற ஒருவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இது எவ்வளவு கனம் இருக்கும்?" என்பதுதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா வாத்தியாரே, வண்டிய தூக்கிக்கினா போப்போற?" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்து வைத்தேன். தூக்கிக்கொண்டு போக இல்லை, தள்ளிக்கொண்டு போகத்தான் கேட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அப்போது எனக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை. வீடு கீழே, கச்சிராயபாளையம் தாண்டி ஓர் ஊரின் காலனியில். திங்கட்கிழமை விடியலில் மலை ஏறினால் சனிக்கிழமை மத்தியானம் இறங்குவேன். தார் ரோட்டிலிருந்து காலனிக்கு வர ஒரே ஒரு வழிதான் உண்டு, அது ஊர்த்தெரு. தார் ரோட்டு முனையில் பால் சொசைட்டி, காலனி முனையில் மாரியம்மன் கோயில். இந்த இரண்டுக்கும் நடுவில் காலனிக்காரன் எவனும் சைக்கிள் மேல் உட்கார்ந்து போகக்கூடாது. இறங்கித் தள்ள வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, யாரும் தண்டோரா போடவில்லை. ஆனால் நடக்கப் பழகும்போதே எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். சைக்கிளுக்கு இருந்த விதி, மோட்டார் சைக்கிள் வந்ததும் தானாக அதற்கும் ஒட்டிக்கொண்டது.

வண்டி வாங்கி வந்த அன்று அப்பா பால் சொசைட்டி முனையில் எனக்காகக் காத்திருந்தார். "ஆஃப் பண்ணிடு. தள்ளிக்கினு வா. கோயில தாண்டி ஏறிக்கலாம்," என்றார். அந்தத் தெருக்காரர்களின் கரும்புக் கழனியில்தான் அவர் அன்றுவரைக்கும் வேலை செய்தார். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. நான் தள்ளினேன்.

எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியது அந்தத் தெரு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டு யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம்.

என் வண்டி நூறு சிசி, பழசு. மலையில் முதல் சில வளைவுகள் வரைக்கும் சமர்த்தாக ஏறும், அப்புறம் கிழவன் மாதிரி இருமும். ஊர்த்தெருவின் நடு வீட்டில் இன்னொரு வண்டி இருந்தது. முந்நூற்றைம்பது சிசி, இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர். கள்ளக்குறிச்சியில் எத்தனை பேரிடம் அந்த வண்டி இருந்தது என்று விரல்விட்டுச் சொல்லிவிடலாம். கோமுகி அணைப் பக்கம் அது திரும்பினாலே எங்கள் காலனியில் சத்தம் கேட்கும். பெரிய நிலக்காரரின் மகன் வைத்திருந்தான். அவனும் நானும் கச்சிராயபாளையத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒரே வயது, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அவன் கெட்டவன் இல்லை. நல்லவனாக இருந்துகொண்டே ஒருவனால் பின்னால் என்னிடம் அப்படியெல்லாம் பேச முடிந்தது என்பதில்தான் எனக்கு இன்றைக்கும் கோபம்.

எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் கள்ளக்குறிச்சி டவுன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு. டவுனில் யார் எந்தத் தெருவில் எதன்மேல் உட்கார்ந்து போனாலும் கேட்பாரில்லை. மறுவீட்டு விருந்து முடிந்து அவளைப் பின்னால் உட்காரவைத்து ஊருக்கு வந்தபோது, பால் சொசைட்டி முனையில் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

"இன்னாங்க ஆச்சி?" என்றாள்.

"வண்டி நின்னுபோச்சி. எறங்கு, கொஞ்ச தூரம் தள்ளணும்."

இறங்கினாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். கோயிலைத் தாண்டியதும் ஒரே உதையில் வண்டி கிளம்பியது. அடுத்த முறையும் அதே இடத்தில் நின்றது, அதே இடத்தில் கிளம்பியது. அதற்கடுத்த முறை அவள் இறங்கும்போதே, "பால் சொசைட்டிய பாத்தாலே இந்த வண்டிக்கு வயித்த கலக்குதா?" என்று கேட்டாள். நான் பிளக் என்றேன், கார்புரேட்டர் என்றேன், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றேன். வாத்தியாருக்குக் காரணம் சொல்லத் தெரியாதா?

"எங்க அண்ணங்கிட்ட வுட்டு சரி பண்ணிடலாம்," என்று முடித்துவிட்டாள். அவள் அண்ணன் கள்ளக்குறிச்சியில் மெக்கானிக், சொந்த ஷெட்.

மச்சான் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். மத்தியானம் வரைக்கும் துடைத்தார், ஊதினார், மறுபடி பூட்டினார், உதைத்தார், ஓடியது. கைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "மாப்ள, வண்டில ஒரு கொறையும் இல்ல. பழசு, அவ்ளோதான். நடு ரோட்டுல நிக்கிற கம்ப்ளெய்ன்ட்டே இதுல கெடையாது. எந்த எடத்துல நிக்கிது, மேட்டுலயா?" என்று கேட்டார்.

ஷெட் வாசலில் முக்காலி போட்டு மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்.

"பால் சொசைட்டிகிட்ட நிக்கும்ணா. கோயில தாண்டினா ஓடும்."

அண்ணனிடம் சொன்னாலும் என்னைப் பார்த்தேதான் சொன்னாள். மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இதைப் பாடம் நடத்திப் புரியவைக்க வேண்டியதில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"மொத வாரமே தெரியும். நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்." மல்லாட்டைத் தோலை ஊதித் தள்ளினாள். "இனிமே நான் எறங்க மாட்டேன். நீங்க தள்ளிக்கினு போனாலும் சரி, நான் மேலதான் குந்திக்கினு இருப்பேன். பாக்கறவங்க பாக்கட்டும்."

புதுப் பெண்டாட்டியை வண்டிமேல் வைத்துத் தெருவில் தள்ளிக்கொண்டு போவதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

மச்சான் ஒரு யோசனை சொன்னார். அந்த முந்நூற்றைம்பது விலைக்கு வருகிறது, அவன் கார் வாங்கப் போகிறான். "அந்த வண்டி இந்த ஷெட்டுக்குத்தான் வரும் மாப்ள, எனக்கு நல்லாத் தெரியும். அத நீ வாங்கிடு. அந்த சத்தத்தோட நீ வந்தா எவன் கை காட்டி நிறுத்துவான்? தானா ஒதுங்குவானுங்க." ஆசை யாரை விட்டது? அந்த வண்டிமேல் எனக்கும் வெகுநாளாகக் கண். வெள்ளிமலை வளைவுகளில் அது என்ன பாட்டுப் பாடிக்கொண்டு ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதே நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். கேட்டுக்கு வெளியேதான். அவனே வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்திச் சாவியை நீட்டினான்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வா வாத்தியாரே. அப்பறம் பேசிக்கலாம்."

சாவியை வாங்கினேன். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பழக்கத்தில் பால் சொசைட்டிப் பக்கம் தள்ள ஆரம்பித்தேன். அடேயப்பா, என்ன கனம்! எருமையை ஏரியிலிருந்து கரைக்கு இழுக்கிற மாதிரி இருந்தது. நாலடி போவதற்குள் முதுகில் வேர்த்துவிட்டது. அவன் பின்னாலிருந்து சிரித்தான்.

"ஏன் தள்ற? தெருவுலயே ஓட்டு. என் வண்டிதானே, யாரும் ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க."

மனசாரத்தான் சொன்னான். கிண்டலே இல்லை. எனக்கு உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் சொன்னான். எனக்கு உள்ளங்காலில் ஏறிய சூடு உச்சி வரைக்கும் போனது. என் வண்டியில் நான் உட்கார்ந்தால் குற்றம். அவன் வண்டியில் அவன் சொல்லி உட்கார்ந்தால் குற்றமில்லை. நாளைக்கே நான் வாங்கி என் பேருக்கு மாற்றினாலும் இந்தத் தெரு என்ன சொல்லும்? "நம்ம தம்பி வண்டி, போவட்டும் வுடு" என்று சொல்லும். நான் கிழவனாகிச் சாகும்வரைக்கும் அவன் தயவின்மேல் உட்கார்ந்து போக வேண்டும், அதற்கு நானே பணமும் கொடுக்க வேண்டும். நல்ல வியாபாரம்!

ஸ்டாண்டைப் போட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

"ஏன், புடிக்கிலியா?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது. எனக்கு சரிப்பட்டு வராது."

அன்றைக்கே கள்ளக்குறிச்சி போனேன். "என் வண்டியவே வேல பாத்து ஏத்திக் குடு மச்சான்," என்றேன்.

"இன்னா வேணும்? ஸ்பீடா, இழுவையா?"

"மெதுவா போவணும்."

அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். "மெதுவாவா?"

"மனுசன் நடக்கிற வேகத்துல, ரெண்டு பேரு குந்திக்கினு, கால ஊனாம, நின்னுபோவாம போவணும். வேகமா போனா, வாத்தி பயந்து ஓடிட்டான்னு பேசுவானுங்க. நான் தெருவுல போறத அவங்க நல்லா பாக்கணும்."

மச்சான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. சிலிண்டரைக் கடைந்து போர் அடித்துப் புதுப் பிஸ்டன் போட்டார். கிளட்ச் பிளேட் மாற்றினார். பின் சக்கரத்துக்கு அதிகப் பல் உள்ள பெரிய ஸ்பிராக்கெட் போட்டார். அதனால் வேகம் கம்மியாகும், இழுவை ஜாஸ்தியாகும். மலைக்கும் அதுதான் வேண்டும், தெருவுக்கும் அதுதான் வேண்டும். சீட்டை நீட்டி மெத்தென்று தைத்து, தங்கச்சி கால் வைக்கப் பலகை மாதிரி அகலமாக ஒரு ஃபுட்ரெஸ்டும் அடித்துக் கொடுத்தார். "மெதுவா போறதுக்கு வண்டி ஏத்தறவன் இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான் மாப்ள," என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

எல்லாம் முடிந்ததும் ஷெட்டுக்கு முன்னால் சோதனை நடந்தது. எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து முதல் கியரில் போகச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலேயே பீடி பிடித்துக்கொண்டு, குடும்ப விஷயம் பேசிக்கொண்டு நடந்து வந்தார். தெரு முடிகிற வரைக்கும் வண்டி தும்மக்கூட இல்லை. "முந்நூத்தம்பது இத செய்யாது மாப்ள. இப்பிடி உருட்டினா பிளக்குல கரி புடிச்சி நின்னுடும். அதுக்கு ஓடத்தான் தெரியும்," என்றார்.

வண்டி தயாரான அந்த வாரம்தான் எங்கள் மாவட்டம் கொதித்தது. இடஒதுக்கீடு கேட்டு ஊர்த்தெரு சாதிக்காரர்களின் போராட்டம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. படிக்க இடமும் பார்க்க வேலையும் கேட்டார்கள். அதைக் கேட்டதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அப்படிக் கிடைத்த வேலையில்தான் நானும் இருந்தேன். "கோட்டா வாத்தி" என்று என் முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களில் சிலரும் இப்போது கோட்டா கேட்டு ரோட்டில் நின்றார்கள். அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை.

நாங்கள் கள்ளக்குறிச்சியில் மாட்டிக்கொண்டிருந்தோம். அப்பா, நடந்து வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். "கலாட்டா ஓயட்டும். இப்ப வர வேணாம். வந்தாலும் தெருவுல பாத்து வரச் சொல்லு." எங்கள் திட்டத்தின் வாசனை அவருக்கு எப்படியோ எட்டிவிட்டது. என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிமேல் ஏறி உட்கார்ந்தாள். "கௌம்புங்க," என்றாள்.

பாதி வழியில் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டை அடைத்துக் கிடந்தது. மறியல் செய்த இளைஞர்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்து எழுந்து, "அந்தப் பக்கம் புடிங்க சார்," என்று ஆளுக்கொரு கை கொடுத்து வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தாண்டை வைத்தார்கள். பூ மாதிரி போனது வண்டி. எங்களுக்கு முன்பே வந்து, மரத்தைத் தாண்ட முடியாமல் அந்த நிலக்காரர் மகன் நின்றிருந்தான், முந்நூற்றைம்பதோடு. கார் இன்னும் வரவில்லை, வண்டியும் விற்கவில்லை. அதைத் தூக்க அங்கிருந்த கைகள் போதவில்லை. நானும் போய்ப் பிடித்தேன். ஒருவழியாக அதுவும் மரத்தைத் தாண்டியது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா வாத்தியாரே, நம்ம பொழப்பு தள்ற பொழப்பா ஆயிடுச்சே," என்றான்.

என் மனைவிதான் பதில் சொன்னாள். "உங்களுக்கு இன்னைக்கு மட்டுந்தாங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. குரலைத் தாழ்த்தி, "என் பின்னாடியே வா. நான் முன்ன போறேன். தெருவுல யாரும் கேக்க மாட்டாங்க," என்றான். மறுபடியும் அதே நல்ல மனசு.

"நீங்க போங்க," என்றேன். "நாங்க மெதுவா வர்றோம்."

பால் சொசைட்டியில் சாயங்காலப் பால் ஊற்றும் நேரம். கேன்களோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் சாவியைத் தொடவில்லை. முதல் கியரில் தெருவுக்குள் நுழைந்தேன். என் தோள்மேல் இருந்த அவள் கை இறுகியது. பயமாக இருந்தது. பயமில்லை என்று எழுதினால் அது பொய்.

"ஏய், எறங்குடா!"

பெரியவர் ஒருவர், கையில் காலிக் கேன். நான் நேரே பார்த்துக்கொண்டு போனேன். அவர் கூடவே நடக்க ஆரம்பித்தார். வண்டியை மெதுவாகப் போகப் பண்ணியதில் இந்த ஒரு கஷ்டத்தை மச்சானும் நானும் யோசிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பக்கத்திலேயே நடந்து வந்து, சாவகாசமாகத் திட்டலாம். என் வேலையைத் திட்டினார். என்னைப் படிக்கவைத்ததற்கு அப்பாவைத் திட்டினார். டவுனில் பெண் எடுத்த திமிர் என்றார். ஒரு முறுக்கு முறுக்கினால் அந்தப் பேச்சையெல்லாம் விட்டு ஓடியிருக்கலாம், கையும் அதற்கு அரித்தது. ஆனால் முறுக்கவில்லை. வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். நடு வீட்டு வாசலில் அவன் தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என்னையும் தடுக்கவில்லை, அவரையும் தடுக்கவில்லை. கோயில் வந்தபோது பெரியவருக்குத்தான் மூச்சு வாங்கியது. என் கால் தரையில் படவே இல்லை.

வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது. அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கரும்பு வெட்டும் கத்தியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். "நாளைக்கு வேலக்கி என்ன கூப்புட மாட்டாங்கடா," என்றார்.

கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை, அந்த வாரம் முழுக்க இல்லை. நான் சம்பாதிக்கிறேன், சோற்றுக்கு என்ன என்று சொல்லிப் பார்த்தேன். "சோத்துக்காவா வேலக்கிப் போறேன்? அந்தக் கழனி எல்லாம் நான் நட்டதுடா," என்று கத்தினார். அவர் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன். வார முடிவில் தெருவிலிருந்து ஆட்கள் வந்து சொன்னார்கள். மகன் பழையபடி இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் அப்பா வேலைக்கு வரலாம், நடந்ததை மறந்துவிடலாம் என்று. அப்பா எழுந்து உள்ளே போனார். என் தெருவை நான் ஜெயித்தால் அவர் கழனி போகிறது. அன்றைக்கு மட்டும் என் மனைவிகூட என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

ரோடெல்லாம் திறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை விடியலில் மலைக்குக் கிளம்ப வண்டியை வெளியே எடுத்தேன். மனசு இன்னும் ஒரு பக்கம் நிற்கவில்லை. அப்பா குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அந்தத் தெருவில் இடுப்பில் கட்டிக்கொள்கிற துண்டு அன்றைக்கு அவர் தோளில் கிடந்தது. கையில் தூக்கிக்கொண்டு போகிற செருப்பு காலில் இருந்தது.

"எங்கப்பா?"

"கச்சிராயபாளையத்துல கரும்பு வெட்ட மேஸ்திரி ஒருத்தரு ஆளு தேடறாராம். என்ன அங்க வுட்டுட்டுப் போ."

அவர் அதற்குமுன் என் வண்டியில் ஏறியதே இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைப் போட்டு, கனமாக உட்கார்ந்தார். கோயில் முனையில் என் கை தானாகச் சாவிப் பக்கம் போனது. பின்னாலிருந்து அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டினார்.

தெருவில் சாணி தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவர் வேலை செய்த கழனிகளின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வேப்பங்குச்சியோடு வாசலில் நின்றிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான்தான் தாங்க முடியாமல், அவரைச் சீக்கிரம் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று லேசாக முறுக்கிவிட்டேன்.

"இன்னாடா அவசரம்?" என்றார் அப்பா, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "மெதுவா போ."